டப்பாவில் இல்லாத நிறம்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுக்க வருகிறவர்கள், கடைக்குள் எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் உடனே துணியை வெட்டச் சொல்வதில்லை. புடவையின் ஓரத்தையும் பிளவுஸ் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கிறார்கள். உள்ளே ஒன்றுபோல இருந்த இரண்டு அரக்கு நிறங்களில் ஒன்று வெளியே வந்ததும் பழுப்புக்குச் சாயும். கடைக்காரரும் அலுத்துக்கொள்ளாமல் அடுத்த துணியை எடுத்துப் போடுவார். நிறம் துணியில் மட்டும் இல்லை, அதன் மேல் விழும் வெளிச்சத்திலும் இருக்கிறது என்பதை இவர்களுக்குப் புழக்கம் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆனால் அதே வீட்டுப் பழைய கார் துருப்பிடித்துப் பட்டறைக்குப் போகும்போது இந்தக் கவனம் காணாமல் போய்விடுகிறது. பானட்டுக்கு அடியிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டைப் பார்த்து, நிற எண்ணைக் குறித்துக் கொடுத்து, அந்த எண்ணுக்குரிய டப்பா வந்தால் வேலை முடிந்தது என்று நம்பிவிடுகிறோம்.

வேலை முடிவதில்லை. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலைக்கு ஏறி இறங்கும் வண்டியானாலும், கரும்புக் கொல்லைச் சேற்றில் போய்வரும் வண்டியானாலும், முதலில் கொப்புளம் கிளம்புவது மட்கார்டின் உள்விளிம்பிலும் கதவின் அடிமடிப்பிலும்தான். பெயிண்டர் துருவைச் சுரண்டி எடுத்து, ப்ரைமர் அடித்து, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து, அதே கம்பெனியின் அதே எண் பெயிண்டை அடிக்கிறார். பட்டறைக் கூரையின் கீழ் குறை தெரியவில்லை. மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் கதவில் ஒரு திட்டு தனியாகத் தெரிகிறது. பெயிண்டர் ஏமாற்றிவிட்டார் என்கிறார் வண்டிக்காரர். டப்பாவில்தான் கலப்படம் என்கிறார் பெயிண்டர். பெரும்பாலும் இருவர் மீதும் தவறில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நிற எண் என்பது காரின் பிறப்புச் சான்றிதழ். பதினைந்து வயதில் அதன் முகம் எப்படி இருக்கும் என்று அது சொல்லாது. அதைவிட அடிப்படையான காரணம் ஒன்றும் உண்டு. நிறம் என்பது டப்பாவுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பொருளே அல்ல.

நிறத்துக்குப் போகும் முன் துருவைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் திட்டு எங்கே, எவ்வளவு பெரிதாக வரும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்தால் துரு என்பது பள்ளிப் பாடம். ஆனால் துரு எங்கே தொடங்குகிறது என்பதை 1926இல் கேம்பிரிட்ஜின் யூலிக் எவன்ஸ் ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை வைத்துக் காட்டினார். பளபளவென்று தேய்த்த இரும்பின் மேல் அந்தச் சொட்டை விட்டார். இரும்பு கரைந்தால் நீலமாகவும், காரத்தன்மை உண்டானால் இளஞ்சிவப்பாகவும் மாறும் இரண்டு வேதிப்பொருள்களை அதில் முன்பே கலந்திருந்தார். சற்று நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமானது, விளிம்பு இளஞ்சிவப்பானது. அதாவது, காற்று எளிதில் எட்டும் விளிம்பில் உயிர்வளி வேலை செய்கிறது. இரும்பு கரைவதோ காற்று எட்டாத நடுவில். இரண்டு இடங்களையும் இணைப்பது இரும்புக்குள் ஓடும் மின்னோட்டம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஒரு குட்டி பேட்டரியாகிவிடுகிறது. இடையில் பழுப்பாகப் படிவது அந்த பேட்டரியின் கழிவு.

இந்தச் சொட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் மட்கார்டுக்குள் அப்பிய சேறு தெரியும். கள்ளக்குறிச்சி கடலிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மண்டபம் போன்ற கடலோர ஊர்களில் இரும்பைத் தின்னும் உப்புக் காற்று இங்கே வருவதில்லை. இது வெறும் ஊகமல்ல. 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் போன்றவை, எடை போட்ட இரும்புத் துண்டுகளைப் பல ஊர்க் காற்றில் தொங்கவிட்டு, மாதங்கள் கழித்துத் துருவை நீக்கி மீண்டும் எடை போட்டு, எந்த ஊர்க் காற்று எவ்வளவு இரும்பைத் தின்கிறது என்று அளக்கின்றன. அப்படியிருந்தும் உள்நாட்டுக் கார்கள் துருப்பிடிப்பதற்குக் காரணம் தேங்கும் ஈரம். மேலே காய்ந்து, உள்ளே நாள்கணக்கில் ஈரமாக இருக்கும் சேற்றுக்கு அடியில் காற்று எட்டாது. எவன்ஸ் கண்ட நீலப்புள்ளி அங்கேதான் உருவாகிறது. மேலே பெயிண்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். 1950களில் கேம்பிரிட்ஜில் ஜே. இ. ஓ. மேயின் அளந்து பார்த்தபோது, பெயிண்ட் படலங்கள் நீரையும் உயிர்வளியையும் துருவுக்குப் போதுமான அளவு உள்ளே விடுகின்றன என்று தெரிந்தது. பெயிண்ட் காப்பது நீரைத் தடுத்து அல்ல, உப்பின் மின்னேற்றத் துகள்கள் நடமாடாமல் தடுத்து. ஆகவே சுரண்டிய இரும்பில் உப்போ வியர்வைக் கையின் தடமோ மிஞ்சியிருந்தால், மாங்காய்த் துண்டிலிருந்து உப்பு நீரை இழுப்பதுபோல அது பெயிண்ட் வழியே நீரை இழுத்துக் கொப்புளமாக்கும். எனவே துருவை அதன் கடைசி எல்லைவரை, நல்ல இரும்பு தெரியும்வரை எடுத்தாக வேண்டும். ரூபாய் நாணயம் அளவு கொப்புளம் உள்ளங்கை அளவு வெற்றிடமாகிவிடும். நிறம் பொருத்தும் சிக்கல் அந்த உள்ளங்கை அளவு இடத்தில் பிறக்கிறது.

இனி நிறம். ஒரு பொருளின் நிறத்துக்கு மூன்று பேர் பொறுப்பு: விளக்கு, பொருள், கண். வெள்ளை ஒளி என்பது நீலம் முதல் சிவப்பு வரை பல அலைநீளங்களின் கூட்டு. பொருள் அவற்றில் சிலவற்றை விழுங்கி மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்புகிறது என்ற பட்டியல்தான் பொருளின் உண்மையான கையெழுத்து. ஆனால் கண் அந்தப் பட்டியலைப் படிப்பதில்லை. கண்ணில் நிறம் உணரும் செல்கள் மூன்றே வகை. மளிகைக் கடையில் மூன்று கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பில்லில் என்ன சாமான் எவ்வளவு என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் ஒரு மொத்தத் தொகையை மட்டும் சொல்கிறார்கள். அந்த மூன்று தொகைகளைத்தான் மூளை நிறம் என்கிறது. சாமானின் அளவு பொருளைப் பொறுத்தது. சாமானின் விலை விளக்கைப் பொறுத்தது. இப்போது இரண்டு வேறு வேறு பில்களுக்கு மூன்று தொகைகளும் ஒன்றாக வந்துவிட்டால், கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம். ஆனால் விலைவாசி மாறியதும், அதாவது டியூப் லைட்டிலிருந்து வெயிலுக்கு வந்ததும், ஒரு பில்லில் பருப்பு அதிகம், இன்னொன்றில் எண்ணெய் அதிகம் என்பதால் தொகைகள் பிரிந்துவிடுகின்றன. ஒரு வெளிச்சத்தில் மட்டும் ஒன்றாகத் தோன்றும் இந்த உறவை விஞ்ஞானிகள் மெட்டாமெரிசம் என்கிறார்கள். தமிழில் இதை வேடப்பொருத்தம் என்று அழைக்கலாம். பட்டறைக்குள் ஒளிந்திருந்து காலை வெயிலில் வெளிப்பட்ட திட்டு, வேடம் கலைந்த பொருத்தம்தான்.

கண் மொத்தத்தை மட்டும் பார்க்கிறது என்பது எப்படித் தெரியும்? 1920களின் பிற்பகுதியில் பிரிட்டனில் டபிள்யூ. டி. ரைட் 10 பேரையும், ஜான் கில்டு 7 பேரையும் உட்காரவைத்துச் சோதித்தார்கள். திரையின் ஒரு பாதியில் ஒரே அலைநீள ஒளி. மறு பாதியில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகள். மூன்றின் வலிமையைக் கூட்டிக் குறைத்து இரண்டு பாதிகளையும் ஒன்றாக்கச் சொன்னார்கள். சில இடங்களில் ஒரு விளக்கை எதிர்ப்பக்கம் மாற்றிப் போட வேண்டியிருந்தாலும், மூன்று விளக்குகளே எல்லா நிறத்துக்கும் போதுமாக இருந்தன; நான்காவது தேவைப்படவில்லை. இந்த 17 பேரின் சராசரியிலிருந்துதான் 1931இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் திட்டக் கண் ஒன்றை வரையறுத்தது. இன்றும் பெயிண்ட் கலக்கும் கருவிகளுக்குள் இருக்கும் நிறக் கணக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. சராசரி என்றாலே யாருக்கும் முழுதாகப் பொருந்தாது என்றும் அர்த்தம். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகி நீல ஒளியைச் சற்றுத் தடுக்கிறது. ஆகவே வேடப்பொருத்தமான இரண்டு பெயிண்ட்கள் அறுபது வயதுப் பெயிண்டருக்கு ஒன்றாகவும், இருபத்தைந்து வயது வண்டிக்காரருக்கு வேறாகவும் தெரிவது சாத்தியம். இருவரும் உண்மையே பேசுகிறார்கள்.

அதே எண் பெயிண்ட் ஏன் வேடப்பொருத்தமாக மட்டும் அமைகிறது என்பது அடுத்த கேள்வி. பெயிண்ட் என்பது நிறம் தரும் நுண்பொடியான நிறமி, அதைப் பிடித்து நிறுத்தும் பிசின், இரண்டையும் இளக்கும் தின்னர் ஆகியவற்றின் கூட்டு. தொழிற்சாலையில் வெறும் இரும்புக் கூட்டை முழுதாக முக்கியெடுத்து, அதன்மேல் அடுத்தடுத்த பூச்சுகளை ஏற்றி, ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைக்கிறார்கள். எல்லாம் சேர்ந்தும் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. டயரும் வயரும் சீட்டும் மாட்டிய காரைப் பட்டறையில் அப்படி வேகவைக்க முடியாது. அதனால் டச்சப் பெயிண்டின் பிசினே வேறு. காற்றிலோ மிதமான சூட்டிலோ இறுகும் வகை அது. நிறமிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய மஞ்சள், சிவப்பு வண்ணங்களுக்கு உயிர் கொடுத்த ஈயக் குரோமேட் நச்சு என்பதால் ஒதுக்கப்பட்டு, வேறு நிறமிகளைக் கொண்டு அதே தோற்றம் வரவழைக்கப்படுகிறது. தொகை ஒன்று, பில் வேறு. அடிப்பூச்சும் எட்டிப் பார்க்கும். ஒரு பெயிண்ட் தனக்குக் கீழே இருப்பதை எவ்வளவு மூடும் என்பது அதன் மறைதிறன். ரெட் ஆக்சைடு ப்ரைமர் மேல் மெல்லிய ஒரே கோட்டாக அடித்த வெள்ளை, லேசான ரோஜா நிறம் காட்டுவது இந்தத் திறன் போதாமல்தான்.

வெள்ளைக் காருக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அம்பாசிடர் காலத்திலிருந்து நம் சாலைகளில் வெள்ளைக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக்கு வெள்ளை பொருந்தாதா என்று கேட்பார்கள். வேட்டி துவைக்கிற எவருக்கும் விடை தெரியும். சோப்பு மட்டும் போட்ட வேட்டியையும் நீலம் போட்ட வேட்டியையும் ஒரே கொடியில் காயப்போட்டால் எது எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். கார் வெள்ளையின் முதுகெலும்பான டைட்டானியம் டைஆக்சைடு, ஊதா ஒளியின் ஓரத்தைச் சற்று விழுங்குவதால் அதன் வெள்ளை ஓர் இழை மஞ்சளானது. அதைச் சரிக்கட்ட நீலமோ கறுப்போ துளியளவு சேர்க்கிறார்கள். அந்தத் துளிகளின் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அழுத்தமான சிவப்பில் ஒரு துளி கூடினால் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளையில் அதே துளி ஊரைக் கூட்டிவிடும்.

இதுவரை சொன்னது புது காருக்கும் பொருந்தும். பழைய காரில் வெயிலின் கையெழுத்தும் சேர்கிறது. புற ஊதாக் கதிர்கள் பிசினின் வேதிப் பிணைப்புகளை அறுக்கின்றன. மேல் பிசின் பொடிந்ததும் நிறமி சுண்ணாம்புபோலக் கையில் ஒட்டிக்கொண்டு வரும். கரிமச் சேர்மங்களால் ஆன பல சிவப்பு நிறமிகள் நேரடியாகவே சிதைந்து வெளுக்கும். கள்ளக்குறிச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டு டிகிரிக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது பானட்டும் கூரையும் முழு அடியையும் வாங்க, கதவுகள் சாய்ந்த ஒளியை மட்டும் வாங்குகின்றன. மலைக்குப் போனால் புற ஊதா கூடும் என்பதும் உண்மை. ஆனால் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்து சதவீதமே கூடுகிறது. கல்வராயனின் உயரமோ ஏறத்தாழ 2,700 அடியிலிருந்து 4,000 அடி வரை. ஆகவே மலையில் நிற்கிறதா அடிவாரத்தில் நிற்கிறதா என்பதைவிட, மேல் நோக்கிய தகடா பக்கவாட்டுத் தகடா என்பதே பெரிய வேறுபாடு. ஒரே காரில் பானட் ஒரு வயது, கதவு ஒரு வயது. இதற்குச் சான்று ஒவ்வொரு காரிலும் இருக்கிறது. பெட்ரோல் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தை வெளிப்புறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆராய்ச்சிக்கூடங்கள் பெயிண்ட் அடித்த தகட்டில் பாதியை மூடி வெயிலில் ஆண்டுக்கணக்கில் வைத்துச் செய்யும் சோதனையை உங்கள் கார் தானாகவே செய்து வைத்திருக்கிறது.

வெயிலுக்கு அசையாத நிறமி ஒன்று உண்டு. அது நம் கதையின் வில்லனுக்கு நெருங்கிய உறவு. காவிக்கல்லின் சிவப்பும், கோயில் மதில் பட்டைகளின் சிவப்பும், ரெட் ஆக்சைடு ப்ரைமரின் சிவப்பும் இரும்பு ஆக்சைடு. துரு என்பது அதே குடும்பத்தில் நீரும் சேர்ந்த வடிவம். உயிர்வளியோடு சேர்ந்து அடங்கிவிட்ட இரும்புக்கு வெயிலிடம் இழக்க எதுவும் மிச்சமில்லை. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் செங்காவியால் பாறையில் வரைந்த உருவங்கள் திறந்த வெளியில் நின்றும் இன்றுவரை நிறம் மாறாமல் தெரிவது இதனால்தான். மாறாத நிறமே வேண்டும் என்றால் காருக்குள் இருக்கும் துருவைத்தான் கேட்க வேண்டும். நாம் விரும்பிக் கேட்கும் பளபளப்பான சிவப்புகளும் நீலங்களும் காலத்தோடு சேர்ந்து மாறும் வகையைச் சேர்ந்தவை.

சாதா நிறத்துக்கே இவ்வளவு என்றால் வெள்ளி நிறக் காரின் கதை இன்னும் வம்பு. மயில்கழுத்துப் பட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். புடவையைத் திருப்பத் திருப்ப நீலமும் பச்சையும் மாறி மாறி வரும். அதற்கு என்ன நிறம் என்று கேட்டால் எந்தக் கோணத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். மெட்டாலிக் பெயிண்டுக்குள் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அகலமுள்ள அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. அவை படலத்தில் தட்டையாகப் படுத்தால், நேரே பார்க்கும்போது கண்ணாடிபோலப் பளிச்சிடும், சாய்ந்து பார்க்கும்போது இருண்டுவிடும். தாறுமாறாக நின்றால் அந்த வேறுபாடு குறையும். செதில்கள் எப்படிப் படுக்கும் என்பது டப்பாவில் எழுதப்படவில்லை. அதை எழுதுவது ஸ்ப்ரே கன் பிடித்த கை. தின்னர் கூடி ஈரமாக அடித்தால் செதில்கள் மூழ்கிப் புரண்டு நிறம் அழுத்தமாகும். தள்ளி நின்று உலர்வாக அடித்தால் வெளிறும். சித்திரை வெயிலில் தின்னர் பறக்கும் வேகமும் ஐப்பசி மழையில் பறக்கும் வேகமும் ஒன்றல்ல. ஒரே டப்பா, ஒரே கன், ஒரே ஆள், ஆனாலும் இரண்டு பருவத்தில் இரண்டு வெள்ளி. மழைநாளில் இன்னொரு விபத்தும் காத்திருக்கிறது. மண்பானைத் தண்ணீர் ஆவியாகிப் பானையைக் குளிரவைப்பதுபோல, வேகமாகப் பறக்கும் தின்னர் பெயிண்டின் மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. ஈரக் காற்றின் நீர் அதில் பனிபோலப் படிந்து, பழைய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் போன்ற பூச்சுகளைப் பால்போல வெளுக்கவைக்கிறது. பெயிண்டர் மழைநாளில் கன்னைத் தொடத் தயங்குவது சோம்பல் அல்ல, இயற்பியல்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இப்போதுதான் நிறத்தை அளக்கும் கருவி வந்துவிட்டதே, காரில் வைத்து அழுத்தினால் கலவை விவரத்தைக் கொடுத்துவிடுமே, பிறகு ஏன் இந்தப் பாடு? நிறமாலை அளவி என்று சொல்லத்தக்க அந்தக் கருவி மதிப்புக்குரியது. அது மொத்தத் தொகையை அல்ல, பில்லையே படிக்கிறது. மெட்டாலிக்குக்கான கருவிகள் பல கோணங்களிலிருந்தும் படிக்கின்றன. எண்ணை நம்புவதைவிடக் கருவியை நம்புவது மேல், ஏனென்றால் அது பிறந்த நிறத்தை அல்ல, இன்று எதிரே நிற்கும் நிறத்தைப் பார்க்கிறது. ஆனாலும் மூன்று எல்லைகள் உண்டு. கருவி தருவது தன் நினைவில் உள்ள கலவைகளில் மிக நெருங்கியதை. மிச்ச வேறுபாட்டை நிறத் தொலைவு என்ற ஒரு எண்ணாகச் சொல்லும். அது ஒன்றுக்குக் கீழே என்றால் பலர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பூஜ்யம் அல்ல. இரண்டாவது, அளந்த இடத்துக்கு மட்டுமே அளவு செல்லும். கதவில் அளந்ததை பானட்டில் அடிக்க முடியாது. மூன்றாவது, செதில்கள் எப்படிப் படுக்கும் என்பது இன்னும் கையில்தான் இருக்கிறது. அதனால் நல்ல பெயிண்டர்கள் கலவையை நேராகக் காரில் அடிப்பதில்லை. தனித் தகட்டில் அடித்து, அதன் மேல் லேக்கர் என்ற நிறமற்ற மேல்பூச்சைப் போட்டு, காயவைத்து, வெயிலிலும் நிழலிலும் காரோடு ஒட்டிப் பார்க்கிறார்கள். ஜவுளிக்கடை வாசலுக்கு வருவதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. காயவைப்பது முக்கியம், ஈரப் பெயிண்டும் காய்ந்த பெயிண்டும் ஒரே நிறம் காட்டாது.

இன்னொரு மறுப்பு: பழைய பெயிண்டைக் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் வெளுத்த தோல் உரிந்து பிறந்த நிறம் வெளியே வராதா? பாதி சரி. பொடிந்த மேல்தோலும் அழுக்கும் நிறத்தின் மேல் ஒரு திரை. அதை எடுக்காமல் நிறம் பார்ப்பதே தவறு. ஆகவே பாலிஷ் முதலில், பொருத்தம் பிறகு என்பது நல்ல வரிசை. ஆனால் சிதைந்த நிறமி ஆழத்திலும் சிதைந்திருக்கும். அதன் மேல் உள்ள லேக்கரோ பாதி மயிரிழைத் தடிமன்தான். அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் புற ஊதாவைத் தடுக்க எதுவும் இல்லை. அப்படியானால் கார் முழுவதையும் ஒரே அடியாக அடித்துவிடலாமே என்ற யோசனையும் வரும். பொருத்தச் சிக்கல் தீரும் என்பது உண்மை. ஆனால் வேகவைத்து இறுகிய தொழிற்சாலைப் பூச்சு துருவுக்கு எதிராகப் பட்டறையில் கிடைக்காத கவசம். நன்றாக இருக்கும் கவசத்தை உள்ளங்கை அளவு காயத்துக்காகச் சுரண்டுவது, பல் வலிக்குத் தாடையை மாற்றுவதுபோல. பூச்சு எங்கும் உரிந்துபோன வண்டிக்கு மட்டுமே அது ஏற்ற வழி.

ஆக, அதே நிறம் கிடைக்காது. கருவியாலும் பாலிஷாலும் நெருங்கலாம், எட்ட முடியாது. அப்படியென்றால் கைதேர்ந்தவர்கள் செய்த வேலையில் திட்டு ஏன் தெரிவதில்லை? கண்ணின் இன்னொரு குணம் இங்கே துணைக்கு வருகிறது. 1865இல் எர்ன்ஸ்ட் மாக் கவனித்தபடி, கண் நிறத்தின் அளவைவிட நிறம் திடீரென மாறும் கோட்டையே பெரிதுபடுத்திப் பார்க்கிறது. பழைய சுவரில் ஒரு சதுரம் மட்டும் புதிதாக வெள்ளையடித்தால் உறுத்துகிறது. அதே சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வெள்ளை மெல்ல மெல்ல மங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோடு இல்லாத வேறுபாடு கண்ணுக்கு வேறுபாடே அல்ல. ஆகவே நல்ல பெயிண்டர் திட்டின் ஓரத்தில் கன்னை நிறுத்துவதில்லை. புது நிறத்தைப் பழைய நிறத்தின் மேல் வெளியே போகப் போக மெலிதாகக் கரைத்து, பிறகு லேக்கரைத் தகடு முழுக்க, அதன் இயற்கையான முடிவுவரை, அதாவது கதவின் இடைவெளியோ உடலின் மடிப்புக்கோடோ வரும்வரை கொண்டுபோய் நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் முன்பே ஒரு நிழல் கோடு இருக்கிறது. கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தாலும், தகடு திரும்பும் கோணமும் நிழலும் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்கின்றன.

கடைசியாக ஒரு மறுப்பு மீதி இருக்கிறது. வண்டி ஓடினால் போதாதா, பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்து புதுப்பிக்கப் போகும் வண்டிக்கு அழகு எதற்கு, துருவை நிறுத்துவதுதானே முக்கியம் என்பார்கள். துருவை நிறுத்துவதே முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டும் எதிரெதிர் அல்ல. நிறத்தில் மட்டும் கண் வைத்து, கொப்புளத்தின் மேலேயே கச்சிதமாக அடித்த திட்டு, அடுத்த மழைக்காலத்தில் எவன்ஸின் சொட்டைப்போல உள்ளிருந்து நீலம் பூக்கும். துருவை எல்லைவரை எடுத்து, கழுவிக் காயவைத்து, ப்ரைமர் நன்றாக மூடிய இடத்தில்தான் நிறத்தை நிதானமாகக் கரைக்கவும் இடம் கிடைக்கும். பெரிதாகத் திறக்க பயப்படுபவர்கள்தான் துருவை உள்ளே விட்டுவிடுகிறார்கள். ஓரத்தைக் கரைக்கத் தெரிந்தால் அந்தப் பயம் போய்விடும். ஆகவே நிறம் பொருத்தும் அறிவு, துருவை முழுதாக எடுக்கத் துணிவு தருகிறது.

பட்டறையிலிருந்து வெளியே வந்த காரை கச்சிராயபாளையம் வெயிலிலும், மலைப்பாதையில் இலைகள் வடிகட்டிய பச்சை நிழலிலும், இரவில் வெள்ளிமலை டீக்கடை விளக்கின் கீழும் பார்த்தால், ஒரே நாளில் மூன்று விலைவாசிகளில் அந்த பில் சோதிக்கப்பட்டுவிடும். மூன்றிலும் தாங்கும் பொருத்தத்தை எந்த டப்பாவும் உறுதியளிக்க முடியாது. அதனால் பெயிண்டரிடம் “அதே கலர் கிடைக்குமாண்ணே?” என்று கேட்பதில் பயனில்லை, அவர் ஆமாம் என்பதைத் தவிர வேறு சொல்ல முடியாது. “எந்த இடத்துலண்ணே முடிப்பீங்க?” என்று கேளுங்கள். தகட்டின் விளிம்பில் என்று அவர் விரலால் தொட்டுக் காட்டினால், அவருக்கு வேலை தெரியும்.